மாப்பிள்ளையும் வெள்ளை முட்டைகளும்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு. காலை 6.40. முட்டைகள்: 84.

கொட்டாங்குச்சி வாசலில் டார்ச் அடித்து, கைபேசியில் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கி எண்ணியது. இரண்டு மூன்று கூடக் குறைய இருக்கலாம். தொட்டியின் இடது மூலையில் கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சிக்குள், கூரையில் ஒட்டியிருக்கின்றன. பெண் மீன் தலைகீழாக நின்று துடுப்பால் விசிறுகிறது. ஆண் மீன் வாசலில் காவல்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் மூன்றாம் நாள் முட்டை வெள்ளையாகிப் பஞ்சு பிடித்துப் போனது. அதனால்தான் இந்த நோட்டு. எங்கள் பம்ப் ஃபேக்டரியில் ஒரே மாடல் இரண்டு தடவை டெஸ்டில் தோற்றால் தனியாக எழுதி வைக்க ஆரம்பிப்போம். அதே முறை.

மீன்: கிரிபென்சிஸ். மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்று மீன். சிக்லிட் குடும்பத்தில் குட்டி ஜாதி, என் நடுவிரல் நீளம்தான். இரண்டடித் தொட்டி, ஹீட்டர் 27 டிகிரி. இணையத்தில் அத்தனை பேரும் ஒரே பாட்டுப் பாடுகிறார்கள்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது, தானாகவே குஞ்சு பொரிக்கும். அந்த "தானாகவே"யை எழுதியவன் ஒருநாள் என் கையில் கிடைக்க வேண்டும்.

ஆணுக்கு எம்-1, பெண்ணுக்கு எஃப்-1 என்று வைத்திருக்கிறேன். என் மனைவி வாணி அதை ஒப்புக்கொள்ளவில்லை. வயிறு செர்ரிப் பழம் மாதிரிச் சிவந்திருப்பதால் பெண் அவளுக்கு ரோசி. ஆண், மாப்பிள்ளை.

"நல்லா சிங்காரிச்சுட்டு, ஒரு வேலையும் செய்யாம நின்னு போஸ் குடுக்குது பாருங்க மாமா. அது மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?"

வேலை செய்யவில்லை என்பது தவறான தகவல். காவல் ஒரு வேலை. தவிர, கடைத் தொட்டியில் இருந்த முப்பது நாற்பதில் நிறம் பார்த்து நான் பொறுக்கி எடுத்தது அவன். அந்த ஊதா அத்தனை மீனிலும் அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

4 பிப்ரவரி, செவ்வாய்

வெள்ளை. ஒன்று பாக்கியில்லை.

5 பிப்ரவரி, புதன்

தண்ணீர்தான் பிரச்சினை. முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில், கோயம்புத்தூரில் பாதி வீடுகளைப் போல, இரண்டு குழாய். ஒன்றில் போர் போட்ட உப்புத் தண்ணி, இன்னொன்றில் எப்போதாவது வரும் சிறுவாணி நல்ல தண்ணி. இதுவரை தொட்டிக்கு ஊற்றியது உப்புத் தண்ணி. கடினத்தன்மை அளக்கும் சொட்டு மருந்தை ஊற்றினேன், நிறம் மாறுவதற்குள் குப்பி காலி. ஆற்று மீனின் முட்டை இதில் எப்படிப் பொரியும்? இனி மாற்றும் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணி.

நான்கு குடத்தை நான் எடுத்ததைப் பார்த்து வாணி சமையலறையிலிருந்து, "ரோசி சிறுவாணி குடிக்கட்டும். நாம உப்புத் தண்ணி குடிச்சுக்கலாம், நமக்கென்ன" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நல்ல தண்ணி வர இன்னும் மூன்று நாள்தானே, கேன் வாங்கிக்கொள்ளலாம்.

8 பிப்ரவரி, சனி

ராம் நகர் ஆஸ்பத்திரிக்கு இன்று போவதாக இருந்தது. போகவில்லை. திங்கட்கிழமை வாடிக்கையாளர் ஆடிட், டெஸ்ட் பெஞ்ச் மானிகள் இரண்டுக்குச் சான்றிதழ் காலாவதி. சனிக்கிழமை உட்கார்ந்தால்தான் முடியும்.

டாக்டரம்மா நவம்பரில் வாணியிடம் சொன்னது: "உங்களுக்குப் பாக்க வேண்டியது எல்லாம் பாத்தாச்சு. எல்லாமே நார்மல். இனி உங்க வீட்டுக்காரர் ஒரு சாம்பிள் குடுக்கணும், அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்றால் அவசரமும் இல்லை என்றுதானே அர்த்தம்?

வாணிக்கு மருந்து செலுத்தி ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம். வலியில் வண்டி ஓட்ட முடியாமல் அவள் ஆட்டோவில் வந்தாள். வண்டியை நான்தான் மறுநாள் போய் எடுத்து வந்தேன்.

"போன வாரமும் ஆடிட்டுதானுங்களே மாமா?" என்று கேட்டாள்.

"அது இன்டர்னல் ஆடிட். இது வேற."

தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து வேறு நாள் கேட்டாள். ஐந்தாவது தடவை என்று அவர்கள் சொன்னதாகச் சொன்னாள். வேண்டுமென்றேதான் சொன்னாள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

யோசித்ததில் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. எஃப்-1 இளசு. முதல் சில தடவை பெண் மீன்களுக்கு முட்டை சரியாக வராது என்று ஒரு குழுவில் எழுதியிருந்தார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தாயிற்று.

"பொட்டை சரியில்லை. மாத்திடலாம்" என்றேன்.

வாணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அது முட்டை போடத்தானே செய்யுது?"

"போட்டு? பொரியணுமே."

"அது ஒண்ணு மட்டும் நெனச்சாப் பொரிஞ்சுருமாக்கும்."

மீனைப் பற்றி ஒரு பக்கம் படிக்காமல் பேசுவதில் அவளுக்கு இணை இல்லை. உக்கடம் கடையில் புதுப் பெண் வாங்கி வந்தேன், எஃப்-2. முழு வளர்ச்சி, நல்ல வயிறு. பழையதைப் பாலிதீன் பையில் பிடித்ததும், "நாளைக்கு ஸ்கூல் போற வழிலதான் கடை. நானே குடுத்துர்றேன்" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு வேலை மிச்சம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எஃப்-2 மாப்பிள்ளையை, அதாவது எம்-1ஐ, விரட்டி விரட்டி அடிக்கிறது. வால் ஓரத்தில் கிழிசல். செடி ஒன்றை நடுவில் நட்டு மறைப்பு கொடுத்திருக்கிறேன். கொசுப்புழு பிடித்துப் போட்டேன், இரண்டும் தின்றன.

அம்மா கோபியிலிருந்து ஃபோன். "ஏஞ்சாமி, அந்தப் புள்ளைய ஒருக்கா நம்ம பக்கத்து வைத்தியர்கிட்டக் காட்டலாமா? சூடு ஒடம்புன்னா கரு தங்காதாமா." பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று சொன்னால் அம்மா சீக்கிரம் வைத்துவிடுவாள்.

22 பிப்ரவரி, சனி

ஆஸ்பத்திரி: போகவில்லை. சளி. சளியோடு கொடுத்தால் ரிசல்ட் சரியாக வராது. எங்கேயோ படித்தேன்.

எஃப்-2 வயிறு சிவந்துவிட்டது. உடம்பை வில்லாக வளைத்து ஆண் முன்னால் நடுங்கிக் காட்டுகிறது. இனி நாள் கணக்குத்தான்.

1 மார்ச், சனி

முட்டைகள். நூறுக்கு மேல். எண்ண நேரமில்லை.

இந்தத் தடவை மீன்களை நம்புவதாக இல்லை. கொட்டாங்குச்சியை அப்படியே தூக்கி மூன்று லிட்டர் டப்பாவுக்கு மாற்றினேன். பூஞ்சை பிடிக்காமல் மெத்திலீன் நீல மருந்து நான்கு சொட்டு, அடியில் காற்றுக் குழாய், அதே 27 டிகிரி, சிறுவாணித் தண்ணீர். எந்தத் தவறுக்கும் இடமே இல்லை.

வாசலைக் காணாமல் எம்-1 தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கை உள்ளே போனபோது என் விரலைக் கடித்தது. இத்தனூண்டு வாய்.

"அதுக வீட்டைத் தூக்கீட்டு வந்துட்டீங்களே" என்றாள் வாணி.

"அறிவியல்."

"அப்ப சரிங்."

3 மார்ச், திங்கள்

நீலத் தண்ணீருக்குள்ளும் வெள்ளை தெரிகிறது. அத்தனையும்.

டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்து, கொட்டாங்குச்சியைக் கழுவித் திரும்பத் தொட்டியில் வைத்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போய், ஒரு பாவப்பட்ட அப்ரன்டிஸிடம் கத்திவிட்டேன்.

8 மார்ச், சனி

அம்மா காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். தட்டைப்பயறு, முருங்கைக்காய், ஒரு கறுப்புக் கயிறு. கயிறு வாணிக்கு. வாணி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான் வராந்தாக் குழாயடியில் ஃபில்டர் பஞ்சை அலசிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"மீனு முட்டையிட்டா இவன் இந்தப் பாடு படறானே, ஊட்டுல ஒண்ணும் ஆகலியேன்னு உனக்கு இருக்குதா கண்ணு?" இது அம்மா. "உன்ற கர்ப்பப்பைல ஏதோ கோளாறுன்னு பெரியம்மா சொல்லுது. மறைக்காதே. எங்கிட்டச் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். வாணி அம்மாவைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபில்டர் பஞ்சை உப்புத் தண்ணியில் அலசினால் நல்ல பாக்டீரியா சாகாது, குளோரின் இல்லை. ஆனால் ரொம்பப் பிழியவும் கூடாது. கையெல்லாம் ஈரம், அழுக்கு. அந்த நேரம் எழுந்து உள்ளே போக முடியாது.

"பாத்துட்டுத்தான் இருக்கறோமுங்க அத்தை" என்றாள் வாணி.

9 மார்ச், ஞாயிறு

அம்மாவைக் காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வாணி கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள்.

12 மார்ச், புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

சாப்பிடும்போது, "எஃப்-2வும் சரியில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மாத்தணும்" என்றேன்.

வாணி தட்டிலிருந்து கையெடுத்தாள். "வேண்டாம்."

"ஏன்?"

கைபேசியை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு, ரசப் பாத்திரத்தில் சாய்த்து என் முன்னால் வைத்தாள். யாருடைய தொட்டியோ. பாசி பிடித்த கண்ணாடி, உடைந்த மண்சட்டி. சட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் கிரிபென்சிஸ் வந்தது. பின்னாலேயே புகை மாதிரி ஒன்று நகர்ந்தது. புகை இல்லை. குஞ்சுகள். அறுபது, எழுபது இருக்கும். தாய் நின்றால் நிற்கின்றன, தாய் உடம்பை ஒரு உதறு உதறினால் அத்தனையும் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன.

"இது யார் வீட்டுது?"

"எங்க ஸ்கூல் பிந்து டீச்சர் வீட்டுது. அவங்க வீட்டுக்காரர் சுதீரும் மீன் வளக்கறார். வலது பக்கத் துடுப்புல புள்ளி பாருங்க. தெரியலையா? ரோசி."

கடையில் கொடுக்கவேயில்லை. "திருப்பிக் குடுத்தா ஆகாத மீனுன்னு தனியா ஒரு டப்பாவுல போட்டு வெப்பாங்க. மனசு கேக்கல. அவங்ககிட்ட ஒத்த ஆணு இருந்துச்சு, குடுத்துட்டேன்."

வேறு தண்ணீர் என்றேன். அவர்களுக்கும் போர் தண்ணீர்தான், நம்மைவிட உப்பு என்றாள். தீனி என்றேன். கடையில் விற்கும் சாதாரண உருண்டைத் தீனி என்றாள். வெப்பநிலை என்றேன். ஹீட்டரே கிடையாது என்றாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறாள். நான் என்ன கேட்பேன் என்று வரிசையாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

"தண்ணிய மாத்துனீங்க. மருந்து மாத்துனீங்க. பொட்டையை மாத்துனீங்க, மறுபடியும் மாத்தறேங்கறீங்க. ஒரே ஒரு ஆளை மட்டும் நீங்க சந்தேகப்படவே இல்ல மாமா."

"மீனைப் பத்திப் பேசறியா?"

"ஆரம்பிச்சது மீனுலதான்."

பிறகு சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "அடுத்த சனிக்கிழமை, இருவத்தி ரெண்டாம் தேதி, கடைசியா ஒரு நாள் கேட்டு வாங்கியிருக்கேன். அன்னைக்கும் ஆடிட் வந்துச்சுன்னா நான் பொள்ளாச்சிக்கு எங்க வீட்டுக்குப் போயிர்றேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க. டெஸ்ட்ல என்ன வருதுங்கறது எனக்குப் பெருசில்ல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பஞ்சு அலசறீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல."

ரசம் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

15 மார்ச், சனி

வீடியோவை நம்ப முடியாது. நேரில் பார்க்கப் போனேன். பீளமேட்டில் வீடு. வாணி வரவில்லை.

சுதீர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். "வாங்க வாங்க, சம்பந்தி! உங்க பொண்ணை எங்க வீட்டுல ஒரு கொறையும் இல்லாம பாத்துக்கறோம்."

"ஏங்க, சும்மா இருங்க" என்று பிந்து டீச்சர் உள்ளிருந்து அதட்டினார்.

துடுப்பில் புள்ளி இருந்தது. எஃப்-1தான். அந்த ஆணைப் பார்த்தேன். வெளிறிய பழுப்பு, வால் பாதிதான் இருக்கிறது, ஒரு கண் மங்கல். என் தொட்டியில் இதற்கு இடமே கொடுத்திருக்க மாட்டேன். கூட்டத்தின் கடைசியில் நின்று, விலகிப் போன ஒரு குஞ்சை வாயால் கவ்வி எடுத்து வந்து நடுவில் துப்பியது.

"ஆளு பாக்கத்தாங்க இப்பிடி" என்றார் சுதீர். "நானும் இப்பிடித்தான்னு பிந்து சொல்லுவா."

தண்ணீரை அளந்தேன். சொட்டு மருந்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வாணி சொன்னது சரி, எங்களைவிடக் கடினம்.

டீ கொடுத்தார்கள். வேண்டுமானால் குஞ்சு பிடித்துத் தருகிறேன் என்றார் சுதீர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என்னுடையது இல்லையே.

16 மார்ச், ஞாயிறு

கடைக்குப் போய் ஆணைப் பற்றி விசாரித்தேன். "பண்ணைல இருந்து வருதுங் சார். கலரு நல்லா இருக்கறதாப் பாத்து நாங்க எடுக்கறோம், நீங்களும் அதையே எடுக்கறீங்க. உள்ள என்னன்னு யாருங் பாக்கறாங்க?" என்றார் கடைக்காரர். சில பண்ணைகளில் நிறம் ஏற ஹார்மோன் கலந்த தீனி போடுவார்கள், அப்படி வளர்ந்த ஆண்கள் மலடாகலாம் என்று படித்தேன். அதுவாக இருக்கலாம், பிறவியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. ஊதா நிறத்தில் அது எழுதியிருக்காது.

பெண் இரண்டு, தண்ணீர் இரண்டு, மருந்து போட்டது, போடாதது. எல்லாவற்றிலும் மாறாதது ஒன்றுதான். ஃபேக்டரியில் என் கீழ் இருக்கும் பையன்கள் இப்படி ஒரு அறிக்கை கொண்டுவந்தால் ஒரு நிமிடத்தில் விரலை வைத்துக் காட்டியிருப்பேன். எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

நவம்பரையும் சேர்த்தால் இன்னும் கூட.

18 மார்ச், செவ்வாய்

எஃப்-2 மறுபடியும் முட்டையிட்டிருக்கிறது. எண்ணவில்லை.

20 மார்ச், வியாழன்

வெள்ளை. எஃப்-2 பாதியைத் தின்றுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

மாப்பிள்ளை போகவில்லை. கொட்டாங்குச்சி வாசலிலேயே நிற்கிறான். நத்தை ஒன்று பக்கத்தில் வந்ததும் முட்டித் தள்ளினான். உள்ளே போய் மிச்சமிருக்கும் வெள்ளை முட்டைகளுக்கு விசிறிவிட்டு மறுபடி வாசலுக்கு வருகிறான். அவனுடைய வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணாடிப் பக்கம் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்த வாணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதைத் திருப்பிக் குடுக்கப் போறீங்களா?"

"தெரியல."

மாப்பிள்ளை மறுபடி உள்ளே போய் விசிறிவிட்டு வந்தான்.

"வாணி, ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா?"

"யாருக்கு?"

"எனக்கு." சொன்ன பிறகுதான் கவனித்தேன், இதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஜீரோன்னு வந்துட்டா? நீ என்ன பண்ணுவே?"

"அழுவேன்" என்றாள். "ரெண்டு நாள் அழுவேன். உங்களையும் அழச் சொல்லுவேன். அப்புறம் டாக்டர் என்ன சொல்றாங்களோ அதைக் கேப்போம். இதுக்குத்தான் இத்தனை மாசமா ஓடுனீங்களா?"

"நான் பொட்டையை மாத்தலாம்னு சொன்னேன்ல. அது மாதிரி நீயும்..."

அவள் என் பின்னந்தலையில் ஒரு தட்டு தட்டினாள். வலித்தது. நிஜமாகவே ஓங்கித்தான் தட்டினாள்.

"நானென்ன நீங்களா?" என்றாள்.

21 மார்ச், வெள்ளி

மேலாளரிடம் நாளை லீவு என்றேன். ஏன் என்றார். ஆஸ்பத்திரி என்றேன். யாருக்கு, வீட்டிலா என்றார். இல்லை, எனக்கு என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான்தான் இதை ஒரு பெரிய பரீட்சை மாதிரி மனதுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

அம்மாவுக்கும் இன்று ஃபோன் எடுத்தேன். "சாப்டியா சாமி" என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது நாளைக்கு.

செய்ய வேண்டியவை:

1. காலை ஏழு மணிக்குக் கிளம்புவது. விந்துப் பரிசோதனை, முன்பதிவு 7.45. வாணி வருகிறாள். வண்டி நான் ஓட்டுகிறேன்.

2. ரிசல்ட்டை முதலில் வாணி பார்ப்பாள். நான் இணையத்தில் எதையும் தேடக் கூடாது.

3. எம்-1 இங்கேயே இருப்பான். திருப்பிக் கொடுக்கும் பேச்சே இல்லை. எஃப்-2வும்.

4. சுதீரிடம் பத்துக் குஞ்சு கேட்பது. சில மீன்கள் பிறர் குஞ்சைத் தின்றுவிடும், சில சேர்த்துக்கொள்ளும். வாசல் பக்கம் விட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்ப்பது.

5. ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே அம்மாவுக்கு ஃபோன். ரிசல்ட் வரும் முன்பே. வந்த பிறகு சொன்னால் அது வாணிக்காக இல்லாமல் எனக்காகச் சொன்னதாகிவிடும். வாணி பக்கத்தில் நிற்கும்போது, ஸ்பீக்கரில் போட்டு, இந்த வார்த்தைகளை மாற்றாமல்: "அம்மா, வாணிகிட்ட ஒரு கோளாறும் இல்ல. நவம்பர்லயே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தது நான்."